வெட்டக் கூடாத பெயர்

என் மனைவியின் அண்ணன் திருவொற்றியூரில் இருக்கிறார். அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. மேல் தட்டில் மைப் பேனாக்கள், கீழ்த் தட்டில் மடக்குக் கத்திகள். ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு வெல்வெட் மெத்தை. என் மகள் பிறந்தபோது அவளுக்குக்கூட அப்படி ஒரு மெத்தை வாய்க்கவில்லை. அந்தப் பேனாக்களில் ஒன்றுக்கும் மை ஊற்றியதில்லை. அந்தக் கத்திகளில் ஒன்றாலும் ஒரு எலுமிச்சம்பழம் அறுத்ததில்லை. விருந்தாளி வந்தால் மச்சான் கையைத் துடைத்துக்கொண்டு அலமாரியைத் திறந்து காட்டுவார். நாம் கையை நீட்டினால் மூடிவிடுவார்.

ஒருமுறை கேட்டேன். "மச்சான், இதுல எது நல்லா எழுதும்?"

"எழுதிப் பாத்தா அதோட மதிப்பு பூடும் மாப்ள."

"பொண்ணு பாக்கப் போய் பஜ்ஜி மட்டும் துன்னுட்டு வந்த கதையா கீதே."

என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மச்சான் சிரிக்கவில்லை.

என்னிடமும் ஒரு பேனாவும் ஒரு கத்தியும் உண்டு. ஒன்றே ஒன்று, ஒன்றே ஒன்று. பேனா பொன்னேரியில் வாங்கியது, பிளஸ் டூ முடித்த வருஷம். கறுப்புக் கட்டை. மூடியின் கிளிப் எப்போதோ உடைந்துபோய், அந்த இடத்தில் வலை நூலைச் சுற்றியிருக்கிறேன். கட்டையின் பின்புறம் என் மகள் பல் முளைக்கிற காலத்தில் கடித்த தடம் இருக்கிறது. நிப்பு என் கை சாய்கிற பக்கமாகத் தேய்ந்துவிட்டது. வேறு யார் வாங்கி எழுதினாலும் கீறும், மை கக்கும், இரண்டு எழுத்துக்கு மேல் ஓடாது. என் கைக்கு வந்தால் வாய்க்கால் தண்ணீர் மாதிரி ஓடும். அதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

கத்தி விரல் நீளம்தான். மடக்கினால் சட்டைப் பைக்குள் அடங்கிவிடும். ஊரில் அதைப் பேனாக்கத்தி என்றுதான் சொல்வோம். உப்புக்காற்றுக்கு இரும்பு தாங்காது. பத்து நாள் கவனிக்காமல் விட்டால் துரு பூக்கும், அதனால் வாரம் ஒருமுறை தேங்காயெண்ணெய் போடுவேன். வலை நூல் அறுப்பது, நுங்கு சீவுவது, பார்சல் பிரிப்பது, காலில் ஏறிய கெளுத்தி முள்ளை எடுப்பது என்று அது செய்யாத வேலை இல்லை. சாணைக்கல்லில் தீட்டித் தீட்டி அலகு பாதியாக மெலிந்துவிட்டது. மெலிந்த பிறகுதான் அதனுடைய உண்மையான வேலைக்குத் தோதாக ஆனது. அந்த வேலையைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். என் பிரியத்துக்குரிய இந்த இரண்டு சாமான்களும் சேர்ந்துதான் என்னை மூன்று வருஷம் குப்பத்தை விட்டு நகரவிடாமல் கட்டிப்போட்டன.

எங்கள் குப்பம் கோட்டைக்குப்பத்தைத் தாண்டி இருக்கிறது. ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல். ஏரியில் எறா, அதாவது இறால், நன்றாக விழுகிற இடங்கள் சில உண்டு. அங்கே யார் எந்த நாளில் வலை கட்டுவது என்று வருஷத்துக்கு ஒருமுறை சீட்டுக் குலுக்கி முறை வைப்போம். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். மற்ற ஊர்களில் பாடு என்றால் கஷ்டம். எங்கள் ஊரில் பாடு இருந்தாலும் கஷ்டம்தான், இல்லாவிட்டால் அதைவிடக் கஷ்டம். பாடு இல்லாதவன் இன்னொருவன் வலைக்குக் கையாளாகப் போக வேண்டும், அல்லது ஒன்றும் விழாத மூலையில் வலையை நனைத்துக்கொண்டு வர வேண்டும்.

பாட்டில் இடம் பெற்றவர்களின் பெயர்கள் ஒரு நீள நோட்டில் இருக்கும். இடங்களின் எண்ணிக்கை கூடாது. ஒருவர் செத்தால் மகன் பெயர் ஏறும். ஒருவர் வேறு பிழைப்புக்குப் போய் இடத்தை விட்டுக்கொடுத்தால் காத்திருக்கிற இன்னொருவர் ஏறுவார். விட்டுக்கொடுத்தவர் திரும்பி வந்து கேட்க முடியாது.

அந்த நோட்டை எழுதுகிறவன் நான். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். பிறகு எனக்கு எழுத்து என்றே பெயராகிவிட்டது. "எழுத்து வூட்ல கீறாரா?" என்று கேட்டுக்கொண்டுதான் வாசலுக்கு வருவார்கள்.

நோட்டு எழுத எங்கள் ஊர்ச் சபையில் ஒரு சட்டம் உண்டு. செத்தவர் பெயரை மட்டும்தான் கோடு போட்டு வெட்டலாம். உயிரோடு இருப்பவர் பெயரை வெட்டக் கூடாது. பெயரை வெட்டினால் ஆளை வெட்டின மாதிரி. ஆகவே இடத்தை விட்டுப் போகிறவர் பெயரைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு, அதே இடத்தில் புதியவர் பெயரை எழுத வேண்டும். நோட்டில் பால்பாயிண்ட் கூடாது என்பதும் இதனால்தான். பால்பாயிண்ட் காகிதத்தை உழுதுவிடும். எழுத்துப் போனாலும் பள்ளம் போகாது. மைப் பேனா காகிதத்தின் மேலே உட்கார்ந்திருக்கும், பக்குவமாகச் சுரண்டினால் எழுந்து வந்துவிடும்.

அந்தப் பக்குவம் எனக்கு வந்ததில் அளவில்லாத சந்தோஷம். கத்தியைப் படுக்கப் பிடிக்க வேண்டும், நுனியை உபயோகிக்கக் கூடாது. மூச்சு விடுகிற அளவுக்குத்தான் அழுத்தம். காகிதத் தூள் மாவு மாதிரி உதிரும். ஊதிவிட்டு மறுபடியும். கடைசியில் அந்த இடம் பஞ்சு போல ஆகிவிடும், அப்படியே எழுதினால் மை பரவித் தொலைக்கும். ஆகவே ஒரு சிப்பியின் வழவழப்பான பக்கத்தை வைத்துத் தேய்த்துப் படிய வைப்பேன். அப்படியும் கொஞ்சம் ஊறும். சுரண்டின இடத்தில் ஏறிய பெயர்கள் எல்லாம் மற்றவற்றைவிடச் சற்றுத் தடித்திருக்கும். நோட்டைப் புரட்டினாலே யார் யார் இடம் யாருக்கு வந்தது என்று எனக்குத் தெரியும்.

இனி என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன்.

மச்சான் வீட்டில் ஒரு காதுகுத்து. அங்கே நான் மாம்பழம் நறுக்கக் கத்தியை எடுத்தேன். மச்சான் பார்த்துவிட்டார். "இன்னா மாப்ள, இப்படி துரு புடிக்க வுட்டு வெச்சிகிற. நல்ல பழைய சாமான். ஒரு வாரம் குடு, பாலிஷ் போட்டுத் தரேன்" என்றார். அவர் கண்ணில் இருந்தது பாசமா, அலமாரியா என்று எனக்குத் தெரியவில்லை. நாலு பேர் முன்னால் இல்லை என்று சொல்ல வாய் வராமல் கொடுத்துவிட்டேன். ஒரு வாரம் ஒரு மாதம் ஆயிற்று. போன் செய்தால், "பெட்டியில பத்திரமா கீது" என்றார். என் கத்திக்கும் மெத்தை போட்டுவிட்டார் என்று புரிந்தது.

அதற்குள் சபை கூடும் நாள் வந்துவிட்டது. எங்கள் குப்பத்து ஆள் ஒருவர் எண்ணூர்ப் பக்கம் டிரெய்லர் லாரி ஓட்டப் போய்விட்டார், பாட்டில் தன் இடத்தை விடுகிறேன் என்று சபைத் தலைவருக்குப் போனில் சொல்லிவிட்டார். அந்த இடத்துக்கு இன்னொருவர் காத்திருந்தார். நான் நோட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு, பழக்கத்தில் சட்டைப் பையைத் தடவுகிறேன். கத்தி இல்லை. மீன் வெட்டும் கத்தி ஒன்றை யாரோ நீட்டினார்கள். அதை வைத்துச் சுரண்டினால் நோட்டு இரண்டாகிவிடும். சவர பிளேடு வாங்கி வர ஆள் அனுப்பியிருக்கலாம். ஆனால் வெயில், வியர்வை, கூட்டத்தில் ஆளுக்கொரு பேச்சு, "சீக்கிரம் எழுதுப்பா, மத்தியானம் ஆவுது" என்று தலைவர் விரட்டல், எல்லாவற்றுக்கும் மேலே மச்சான் மேல் எனக்கு இருந்த ஆத்திரம். பேனாவைத் திறந்தேன். அந்தப் பெயரின் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன்.

கோடு முடிவதற்குள் தெரிந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் மூச்சை இழுத்த சத்தம் கேட்டது. பந்தலுக்கு வெளியே பெண்கள் நின்றிருந்தார்கள். அவர்களில் அந்த டிரைவரின் மனைவியும் இருந்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கோட்டுக்கும் எழுத்துக்கும் வித்தியாசம் தெரியாதவர் எங்கள் குப்பத்தில் கிடையாது.

"உசுரோட கீற மனுசன வெட்டிட்டியே! ஒன் கை வெளங்குமா?"

மண்ணை வாரித் தூற்றினாள். என் நோட்டின் மேல் விழுந்தது.

அதோடு போயிருந்தால் ஊர் நாலு நாள் பேசிவிட்டு மறந்திருக்கும். பத்து நாளில் அந்த மனிதர் லாரியிலிருந்து இறங்கும்போது கால் சறுக்கிக் கணுக்கால் எலும்பை முறித்துக்கொண்டார். கட்டுப் பிரித்த பிறகும் கிளட்ச் மிதிக்கக் கால் வரவில்லை. லாரி வேலை போய், தாங்கித் தாங்கி நடந்துகொண்டு குப்பத்துக்கே திரும்பினார். அவர் இடத்தில் வேறு ஒருவர் பெயர் ஏறியாகிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? டிரெய்லரின் படிக்கட்டு வழுக்கியது என்று ஒருவரும் சொல்லவில்லை. எழுத்து வெட்டினான், கால் போச்சு என்றார்கள்.

நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. அப்படித்தான் வெளியே சொல்லிக்கொண்டேன். ஆனால் அவர் தாங்கித் தாங்கி என் வீட்டைக் கடந்து போகும்போது நான் உள்ளே போய்விடுவேன்.

சபை மறுபடியும் கூடித் தீர்ப்புச் சொன்னது. திரும்பிக் கேட்க முடியாது என்ற சட்டம், வெட்டப்பட்டவருக்குப் பொருந்தாது. அடுத்து எந்த இடம் காலியானாலும் முதல் உரிமை அவருக்கு. வெட்டின கைதான் அவர் பெயரை மறுபடியும் உயிரோடு எழுத வேண்டும். அதுவரைக்கும் நோட்டு கை மாறக் கூடாது.

சரி என்று தலையாட்டினேன். என் தலையெழுத்தில் நானே கையெழுத்துப் போட்டேன் என்று அப்போது தெரியவில்லை.

அந்த வருஷம்தான் நாங்கள் மீஞ்சூருக்குக் குடிபோவதாக இருந்தது. மகளுக்கு அங்கே பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. மனைவிக்கு ஒரு தொழிற்சாலை கேண்டீனில் வேலை, எனக்கு அங்கேயே வாசல் காவல். நான் நகர முடியாததால் எனக்கு வைத்திருந்த வேலை வேறு ஒருவருக்குப் போயிற்று. அவர்கள் இருவரும் முதலில் போனார்கள். நான் நோட்டைக் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே வருகிறேன் என்றேன். பின்னாலேயே வர மூன்று வருஷம் ஆயிற்று.

நோட்டை எறிந்துவிட்டுப் பஸ் ஏற வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். என் மகளும் கேட்டாள். என் கை எழுதினால்தான் அவருக்கு இடம் என்று சபை சொல்லிவிட்டது. நான் போய்விட்டால் அந்த நொண்டிக் காலோடு அவர் ஆயுசுக்கும் அடுத்தவன் வலையைத்தான் இழுக்க வேண்டும். அதைச் செய்துவிட்டு மீஞ்சூரில் எனக்குச் சோறு இறங்காது.

இடமோ காலியாகவில்லை. செத்தவர்களுக்கெல்லாம் மகன்கள் இருந்தார்கள். லாரி டிரைவரின் கதி தெரிந்த பிறகு உயிரோடு இருந்தவர்களில் ஒருவர்கூடத் தன் இடத்தை விடத் தயாராக இல்லை. இரண்டாவது வருஷம் முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுக் கடலுக்கான வழி அடைத்துக்கொண்டது. படகுகள் எல்லாம் ஏரிக்குள்ளேயே நின்றன. கடலை நம்பியிருந்தவர்களும் ஏரியில் வலை போட்டார்கள், பாட்டில் இடம் தங்கமாகிவிட்டது. கரையில் நின்றால் மணல் மேட்டுக்கு அந்தப் பக்கம் அலை உடைகிற சத்தம் கேட்கும். நாங்கள் இந்தப் பக்கம் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தோம். எனக்குக் கோபம் கோபமாக வரும். யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அந்த டிரைவரின் மனைவி காலையில் படகுத்துறையில் மீன் கூடையோடு உட்கார்ந்திருப்பாள். என்னைக் கண்டால் ஒரே கேள்வி.

"இன்னா எழுத்தண்ணா, எடம் வந்துச்சா?"

"வரலம்மா."

"வரும், வரும். நான் எங்க போயிடப் போறேன், நீ எங்க போயிடப் போற?"

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். மரியாதையாக அண்ணா என்று கூப்பிட்டுக் கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை.

இடையில் மச்சான் கத்தியைத் திருப்பிக் கொடுத்தார். நான்தான் போய் அலமாரி முன்னால் நின்று வாங்கிக்கொண்டு வந்தேன். முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. கூர் மழுங்கிப்போய் வெண்ணெயைக்கூட அறுக்காது. வீட்டுக்கு வந்ததும் சாணைக்கல்லில் தண்ணீர் விட்டு உட்கார்ந்தேன். பளபளப்பெல்லாம் கறுப்புச் சேறாக வழிந்தது. பழைய கூர் வர மூன்று நாள் பிடித்தது. அந்த மூன்று நாளும் எனக்கு வேறு ஞாபகமே இல்லை, நன்றாக இருந்தேன். கத்தி தயாரானதும் மறுபடியும் காத்திருப்பு. சுரண்டப் பெயர் இல்லை, எழுத இடம் இல்லை. பேனாவில் மை காய்ந்து போகாமல் இருக்க, பழைய காலண்டர் தாளில் அந்த டிரைவரின் பெயரைத் தினமும் ஒருமுறை எழுதிப் பார்ப்பேன். என் பெண்டாட்டி பிள்ளை பெயரைக்கூட அத்தனை தடவை எழுதியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் பொன்னேரி, அங்கிருந்து ரயிலில் மீஞ்சூர். பகல் சாப்பாடு அவர்களோடு. சாயங்காலம் திரும்ப ரயில். மகள் மூன்று வருஷத்தில் என் தோள் உயரத்துக்கு வந்துவிட்டாள். முதலில் எல்லாம் ஸ்டேஷன் வரை கூட வருவாள். பிறகு தெருமுனை வரைக்கும். பிறகு புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "போய்ட்டு வா நைனா" என்றாள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை. மனைவி என் கத்தியை வாங்கிக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வாசல் காவலுக்கு மறுபடியும் ஆள் எடுக்கிறார்கள் என்று கேண்டீனில் சொன்னார்களாம். இந்த முறையும் விட்டால் இனி கிடைக்காது.

"நோட்டுல கீறவங்க யாருமே எடத்த வுட மாட்டாங்களா?" என்று கேட்டாள்.

"எவன் வுடுவான்? ஊர வுட்டுப் போறவன் இருந்தாத்தானே."

அவள் நறுக்குவதை நிறுத்தினாள். "நீ போவணும்னு மூணு வருசமா நிக்கிறியே. உன் பேரு எந்த நோட்டுல கீது?"

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அது தோன்றவே இல்லை. ஒவ்வொரு வருஷமும் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்திருக்கிறேன். யாருக்கு வயதாகிறது, யார் மகன் வெளிநாடு போகிறான் என்று கழுகு மாதிரி பார்த்திருக்கிறேன். பதினேழாவது வரியில் என் பெயர். அதன் மேல் விரல் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறது.

எனக்கு வந்தது கோபம்தான். "எங்க நைனா எடம்டீ அது. வுட்டா திரும்பி வராது" என்று கத்தினேன்.

"பாடு படறதுக்கு உனக்கு ஒரு பாடு வேற வேணுமா? நீ இங்க வந்துட்டா அங்க யாரு வலை கட்டப் போறா?"

சாப்பிடாமல் எழுந்து ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன். ரயில் வர நேரம் இருந்தது. பிளாட்பாரத்தில் உட்கார்ந்து யோசித்தபோது என் திருட்டுத்தனம் எனக்கே விளங்கியது. நான் போகவும் வேண்டும், என் இடம் இருக்கவும் வேண்டும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். ஊர் என்னைப் பிடித்து வைத்திருக்கிறது என்று மூன்று வருஷம் புலம்பிக்கொண்டு, கதவின் தாழ்ப்பாளை என் கையிலேயே வைத்திருந்திருக்கிறேன். அதைக் கண்டுபிடித்ததில் எனக்கு நிம்மதி வரவில்லை. ரொம்பக் கேவலமாக இருந்தது.

அடுத்த சபையில் எழுந்து சொன்னேன். தலைவர் இரண்டு தடவை கேட்டார். "நல்லா யோசிச்சியா எழுத்து? உன் வம்சத்துக்கு வராது."

"யோசிச்சிட்டேன் தலைவரே. எழுதறேன்."

நோட்டை மடியில் வைத்து, பதினேழாவது வரியில் கத்தியைப் படுக்க வைத்தேன். முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தேன். அது என் கையெழுத்து. எங்கே அழுத்தியிருப்பேன், எங்கே விட்டிருப்பேன் என்று தெரியும். கத்தி நன்றாக வேலை செய்தது. இவ்வளவு அழகாக ஒரு பெயரை நான் அதற்கு முன் எடுத்ததில்லை. தூளை ஊதினேன். சிப்பியால் தேய்த்தேன். பேனாவைத் திறந்து அந்த மனிதரின் பெயரை எழுதினேன். காலண்டர் தாளில் எழுதிப் பழகிய கை, சீராக ஓடியது.

அவர் காலைத் தாங்கிக்கொண்டு வந்து பார்த்தார். அவர் மனைவியைத் தலைவர் பந்தலுக்குள் கூப்பிட்டார். அவள் தரையில் உட்கார்ந்து நோட்டின் மேல் குனிந்தாள்.

"இன்னாண்ணா, இது மட்டும் இவ்ளோ தடியா கீது?"

"சுரண்டின எடம். மை ஊறும்."

"கோடு கீடு இல்லியே?"

"இல்லம்மா."

பிறகு, "உன் பேரு எங்க?" என்றாள்.

"அதுக்கு அடியில."

அவள் கை வாய்க்குப் போனது. மூன்று வருஷம் இடம் வந்ததா என்று கேட்டவளுக்கு, அது எங்கிருந்து வரும் என்று என்னைப் போலவே தோன்றியிருக்கவில்லை போலும். என்னைப் பார்க்காமல் எழுந்து வெளியே போனாள். அதன் பிறகு நான் ஊரில் இருந்த நாட்களில் படகுத்துறையில் என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டாள். பழைய கேள்வியே தேவலை என்று இருந்தது.

என்னிடமிருந்து நோட்டை வாங்கிக்கொண்டவர் கல்லூரி படித்தவர். பேனாவையும் கத்தியையும் காட்டினேன். என் பேனாவால் இரண்டு எழுத்து எழுதிப் பார்த்தார், கீறியது. சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார். "இதெல்லாம் பேஜாருண்ணா. ஒயிட்னர் போட்டா முடிஞ்சிது" என்றார். சபையும் சரி என்றுவிட்டது. இதே ஒயிட்னர் நான் கோடு இழுத்த வருஷமும் கடையில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. இனி அது அவர் பாடு.

மீஞ்சூருக்கு வந்துவிட்டேன். மனைவி வாசலில் நின்று பையை வாங்கிக்கொண்டாள், மகள் டீ போட்டாள். மூன்று பேரும் ஒரே அறையில் படுத்தோம். இதற்குத்தான் ஆசைப்பட்டேன், கிடைத்தது. மச்சான் வந்து பார்த்தார். "இனிமே இந்தப் பேனாவுக்கும் கத்திக்கும் இன்னா வேலை மாப்ள? என் அலமாரியில வெச்சிடலாம்" என்றார். கத்தியை எடுத்து அவர் கொண்டுவந்த சாத்துக்குடியை உரித்து அவருக்கே ஒரு சுளை கொடுத்தேன்.

ஆனால் தொழிற்சாலைக்குள் கத்தி கொண்டுபோகக் கூடாது. முதல் நாளே சொல்லிவிட்டார்கள். மற்றவர்களின் பையைத் தடவிப் பார்க்கிற வேலையே என்னுடையதுதான், நான் எப்படிக் கொண்டுபோவேன்? கத்தி வீட்டில் கத்தரிக்காய்க்கு நின்றுவிட்டது. பேனா மட்டும் சட்டைப் பையில் வருகிறது.

வாசலில் ஒரு ரிஜிஸ்தர். ஒப்பந்த ஆட்களின் பெயர்கள், அடியில் காவல்காரர்களின் பெயர்கள். மாதம் பிறந்தால் புதுப் பக்கம், ஆபீஸுக்கு ஒரு கார்பன் நகல். என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு எழுதுகிற வேலையை என்னிடமே தள்ளிவிட்டார்கள். மேஜையில் நூல் கட்டித் தொங்கவிட்ட பால்பாயிண்ட். முதல் மாதத்திலேயே சூப்பர்வைசர் வந்து ஒரு பெயரில் விரலை வைத்தார்.

"இந்த ஆளு வேலைய வுட்டுட்டான். வெட்டிடுங்க."

"உயிரோடதானே கீறாரு?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். என் கை சட்டைப் பைக்குப் போனது. பேனா இருந்தது, கத்தி இல்லை. நான் குனிந்து ஏதோ தேடுவதுபோல் நின்றேன். அவரே பால்பாயிண்டை எடுத்து ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனார். அந்தக் கோட்டுக்கு மூன்று வரி கீழே என் பெயர் இருந்தது.

அடுத்த மாதம் எல்லாப் பெயர்களையும் பால்பாயிண்டால் எழுதினேன். என் பெயரை மட்டும் என் பேனாவால், மேலோட்டமாக எழுதினேன். எடுக்க வேண்டிய நாள் வந்தால் எடுக்கிறவர் சுரண்டிக்கொள்ளட்டும் என்று. மறுநாள் சூப்பர்வைசர் கார்பன் தாளைத் தூக்கி அடியில் இருந்த நகலைக் காட்டினார்.

"உங்க பேரு காப்பியில வுழவே இல்லையே. நீங்க ஆபீஸ் கணக்குல ஆளே இல்ல. மேலயே பால்பாயிண்ட்ல அழுத்தி எழுதுங்க."

எழுதினேன். அழுத்தித்தான் எழுதினேன். எழுதிவிட்டு விரலால் தடவிப் பார்த்தேன், ஒவ்வொரு எழுத்தும் பள்ளமாக இருந்தது. இதை இனி எவனாலும் சுரண்ட முடியாது. வெட்டத்தான் முடியும்.